நியாயமான காரணம்

1960-ல் டெல்லிக்காக நாடாளுமன்றம் ஒரு ஆரம்பக் கல்விச் சட்டம் கொண்டு வந்தது. பிள்ளையைக் கட்டாயம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும், அனுப்பாத பெற்றோருக்கு நோட்டீஸ் வரும், அப்புறம் அபராதம் வரும். மற்ற மாநிலங்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டமா இருக்கட்டும்னு யோசித்து எழுதப்பட்டது அது. நல்ல விஷயம்தானே?

அந்தச் சட்டத்துக்குள்ளே ஒரு பட்டியல் இருக்கு. பிள்ளையை அனுப்பாமல் இருக்க எதெல்லாம் "நியாயமான காரணம்" என்று. குறிப்பிட்ட தூரத்துக்குள் பள்ளி இல்லையா? நியாயமான காரணம். அனுமதி வாங்கி வேறு வழியில் படிக்கிறானா? நியாயமான காரணம். ஆரம்பப் படிப்பை ஏற்கெனவே முடித்துவிட்டானா? அதுவும். இந்த வரிசையிலேயே இன்னொன்று: பிள்ளைக்கு உடலிலோ மனதிலோ ஏதாவது குறை இருந்து, அதனால் பள்ளிக்கு வர முடியலையா? அதுவும் நியாயமான காரணம்தான்.

முதல் தடவை படிக்கும்போது இதுல தப்பா எதுவும் தெரியாது. கால் வராத பிள்ளையோட அப்பாவுக்கு எதுக்குய்யா அபராதம்னு கருணையோட எழுதின வரி. ஆனா கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. பள்ளி தூரமா இருந்தா, என்னிக்காவது பக்கத்துல ஒரு பள்ளி கட்டணும்கிற கடமை அரசாங்கத்துக்கு இருக்கு. பிள்ளைக்குக் குறை இருந்தா? யாரும் எதுவும் செய்ய வேண்டாம். அப்பா அம்மாவுக்கு விடுதலை, பள்ளிக்கும் விடுதலை. பிள்ளை மட்டும் வீட்டுத் திண்ணையில்.

நம்ம தொழில் பாஷையில் சொன்னா, புரோகிராம்ல ஒரு எக்ஸப்ஷன் வருது, அதைப் பிடிச்சாச்சு, உள்ளே ஒரு வரி கூட எழுதாம மூடியாச்சு. புரோகிராம் க்ராஷ் ஆகாது. பயனாளிக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியவும் தெரியாது.

இந்த வரி எங்கேயிருந்து வந்தது, இதிலிருந்து நாம எவ்ளோ தூரம் வந்திருக்கோம்னு கொஞ்ச நாளா தேடிப் படிச்சிட்டிருந்தேன். அதுக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கு, அப்புறம் சொல்றேன். முதல்ல பாளையங்கோட்டை.

தென்னாட்டு ஆக்ஸ்போர்டுன்னு நெல்லைக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கிறதுல நியாயம் இருக்குங்க. 1890-களில் அந்த ஒரே ஊரில் இரண்டு மிஷனரிப் பெண்கள் இரண்டு பள்ளிகளைத் தொடங்கினார்கள். சாராள் தக்கர் நிறுவனத்தில் இருந்த ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஒன்று. ஃபுளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்காக இன்னொன்று. அதுக்குச் சில வருஷம் முன்னாடிதான் பம்பாயில் காது கேளாதோருக்கான பள்ளியும், 1887-ல் அமிர்தசரஸில் பார்வையற்றோருக்கான பள்ளியும் வந்திருந்தன. ஆக இந்தியா முழுக்கக் கணக்கெடுத்தாலே ரெண்டு கை விரல் போதும். அதில் ரெண்டு தாமிரபரணிக் கரையில்! பாளையங்கோட்டைப் பள்ளிகள் ரெண்டும் இன்னிக்கும் நடக்குது.

ஆனா எங்க ஊர் கெங்கவல்லியில் இருந்து யோசிச்சுப் பாருங்க. தெரியாதவங்களுக்கு: சேலம் மாவட்டத்தோட கிழக்குக் கோடி, ஆத்தூருக்குத் தெற்கே. ஒரு பக்கம் பச்சமலை, கொஞ்சம் தள்ளி கொல்லிமலை. மரவள்ளிக்கிழங்கு, ஜவ்வரிசி ஆலை, சுவேத நதின்னு பேர் வெச்சிருக்கற, பெரும்பாலும் மணலா கிடக்கிற ஆறு. இங்கேயிருந்து பாளையங்கோட்டை முந்நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேலே. ஆறு வயசுப் பிள்ளையை அங்கே விடுதியில் விட்டுட்டு வரணும், லீவுக்கு லீவு பார்க்கணும். பள்ளி இருக்குன்னு தெரிஞ்சிருந்தாக்கூட எத்தனை பேர் விட்டிருப்பாங்க? தெரிஞ்சிருக்கவும் வாய்ப்பு கம்மி.

பிற்பாடு சென்னையில் பள்ளிகள் வந்தன. 1953-ல் மஞ்சுபாஷிணி அம்மையார் தொடங்கிய பாலவிஹார், அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கு. 1969-ல் பால வித்யாலயா, காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கு. இங்கே ஒரு விசேஷம், அம்மாவும் பிள்ளையோட உட்கார்ந்து படிக்கணும். பேச்சு வீட்டிலேயும் வளரணும் இல்லையா. 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கியது பின்னாளில் வித்யாசாகர் ஆனது, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு. அவரே அப்படி ஒரு பிள்ளையின் அம்மா. எல்லாமே நல்ல பள்ளிகள், எல்லாமே ஊர்க்காரனுக்குத் தூரம். சென்னை வாசகர்கள் கோச்சுக்காதீங்க, ஆத்தூர்ல பஸ் ஏறிப் பார்த்தாதான் அந்தத் தூரம் புரியும். :-)

கிராமத்துப் பக்கமா ஒண்ணு தேடினா எனக்குக் கிடைச்சது ஆய்க்குடி. தென்காசி பக்கம். எஸ். ராமகிருஷ்ணன் கோவையில் என்ஜினியரிங் நாலாம் வருஷம் படிச்சிட்டிருந்தவர். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போனவர், உடற்தகுதிப் பரிசோதனையில் கீழே விழுந்து கழுத்தெலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போச்சு. அவருக்குச் சிகிச்சை கொடுத்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சேர்த்து 1981-ல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு அது. சின்னப் பள்ளியாத் தொடங்கி, இப்போ மறுவாழ்வு மையம், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பள்ளி, வீடு தேடிப் போகிற சிகிச்சையாளர்கள் என்று வளர்ந்திருக்கு. 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. என்ஜினியரிங் படிச்சவன்கிற ஒரே உரிமையில் நானும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கறேன்.

சரி, இவங்க எல்லாரும் தனி மனுஷங்க. அரசாங்கம் என்ன பண்ணிட்டிருந்தது?

ஆச்சரியமான விஷயம், காகிதத்தில் ரொம்ப முன்னாடியே சரியாத்தான் எழுதியிருக்காங்க. 1944-ல் வெள்ளைக்காரன் காலத்து சார்ஜென்ட் அறிக்கை. குறைபாடுள்ள பிள்ளைகளின் படிப்பு நாட்டோட பொதுக் கல்வியில் ஒரு பகுதியா இருக்கணும், முடிஞ்ச வரைக்கும் மற்ற பிள்ளைகளிடமிருந்து அவங்களைப் பிரிக்கக் கூடாதுன்னு அதில் இருக்கு. 1944-ல! இன்னிக்கு ஒரு கருத்தரங்கில் வாசிச்சாலும் கை தட்டுவாங்க. பதினாறு வருஷம் கழிச்சுதான் நான் முதல்ல சொன்ன அந்த "நியாயமான காரணம்" வருது.

அப்புறம் கோத்தாரி கமிஷன், 1964-66. அவங்களும் சேர்த்துப் படிக்க வைக்கணும்னுதான் சொன்னாங்க. கூடவே ஒரு இலக்கும் வெச்சாங்க. 1986-க்குள் பார்வையற்ற, காது கேளாத, கை கால் பாதித்த பிள்ளைகளில் சுமார் 15 சதவீதம் பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளில் 5 சதவீதம் பேர் படிக்கணும். இந்த எண்களை ரெண்டு மூணு தடவை படிச்சேன். இருபது வருஷம் கழித்து நடக்க வேண்டிய கனவே 15-ம் 5-ம் தான். கமிஷனைக் குறை சொல்லலை, இருந்த நிலைமைக்கு அதுவே பேராசையா இருந்திருக்கும். ஆனா நூத்துக்கு எண்பத்தஞ்சு, தொண்ணூத்தஞ்சு பேர் வீட்டில் இருப்பாங்கன்னு திட்டம் போடும்போதே தெரியும்ங்கறது ஒரு மாதிரியா இருக்கு.

நம்ம நாடு மட்டும் இப்படின்னு நினைக்காதீங்க. இங்கிலாந்தில் 1970-ல் ஒரு சட்டம் வரும் வரைக்கும், சில பிள்ளைகளைப் "படிப்பிக்கவே முடியாதவர்கள்" என்று சான்றிதழ் கொடுத்து கல்வித் துறையிலிருந்தே வெளியே எடுத்து சுகாதாரத் துறையிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துச் சட்டப்படி, ஒண்ணாம் வகுப்பு சேரும்போது ஐந்து வயசுக்குரிய மனவளர்ச்சி இல்லையென்றால் பள்ளி மறுத்துவிடலாம். பெற்றோர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டு 1971-72-ல் அதை உடைத்தது. 1975-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கணக்குப் பார்த்தபோது பத்து லட்சம் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே முழுசா நின்னிருந்தார்கள். நிலாவுக்கு ஆளனுப்பி ஆறு வருஷம் ஆகியிருந்தது அப்போ. அந்த வருஷம் வந்த சட்டத்தில்தான், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா ஒரு கல்வித் திட்டம் எழுதணும்கிற ஏற்பாடு வந்தது. அப்படி எழுதினதில் பெற்றோருக்கும் பேச்சு உண்டு.

இங்கே 1974-ல் மத்திய அரசு, ஊனமுற்ற பிள்ளைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வின்னு ஒரு திட்டம் தொடங்கியது. சாதாரணப் பள்ளியிலேயே சேர்ப்பது, அதுக்கான செலவை மத்திய அரசு கொடுப்பது. ஆனா இதை நடத்தினது கல்வித் துறை இல்லை, சமூக நலத் துறை! 1982-ல்தான் கல்வித் துறைக்கு மாத்தினாங்க. எட்டு வருஷம் இந்தப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் துறைக் கணக்கில் நலத்திட்டப் பயனாளிகள்தான், மாணவர்கள் இல்லை.

அதே திட்டத்தை 1992-ல் திருத்தினப்போ போட்ட உதவித்தொகைப் பட்டியல் எனக்கு ரொம்பப் பிடித்தது. புத்தகத்துக்கு வருஷத்துக்கு 400 ரூபாய் வரை. சீருடைக்கு 200. போக்குவரத்துக்கு மாசம் 50. அஞ்சாம் வகுப்புக்கு மேல் பார்வையற்ற பிள்ளைக்குப் படித்துக் காட்டுபவருக்கு மாசம் 50. கால் வராத பிள்ளையைக் கூட்டி வருகிற துணைக்கு மாசம் 75. தொகையைப் பார்த்துச் சிரிக்காதீங்க. பிள்ளை ஏன் வரலைங்கிற கேள்வியை யாரோ உட்கார்ந்து நிஜமாவே யோசிச்சிருக்காங்க. கூட்டிட்டு வர ஆள் இல்லை. படிச்சுக் காட்ட ஆள் இல்லை. 1960-ல் ஒரே வார்த்தையில் "குறை"ன்னு மூடி வெச்சதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது இதுதான்.

இன்னொரு முயற்சி 1987-ல். யுனிசெஃப் உதவியோட பத்து இடங்களில் ஒரு சோதனைத் திட்டம். அதில் தமிழ்நாடும் ஒண்ணு. ஒரு மாவட்டத்தையோ ஒரு பள்ளியையோ எடுத்துக்காம, ஒரு ஒன்றியத்தை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. ஒன்றியத்தில் இருக்கிற எல்லா வாத்தியாருக்கும் ஒரு வாரப் பயிற்சி. அதில் பத்தில் ஒருத்தருக்கு ஆறு வாரம். சில பேருக்கு முழுசா ஒரு வருஷம். எல்லா வகுப்பிலும் ஓரளவு தெரிஞ்ச ஆள், கூப்பிடு தூரத்தில் நல்லாத் தெரிஞ்ச ஆள். இன்னிக்கு கெங்கவல்லி மாதிரி ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையமும் சிறப்பு ஆசிரியர்களும் இருக்காங்கன்னா, அந்த யோசனையோட வேர் இங்கேதான்னு நான் நினைக்கிறேன். பிள்ளை பள்ளியைத் தேடி பாளையங்கோட்டை போனது ஒரு காலம். ஆசிரியர் பிள்ளையைத் தேடி பஸ் ஏறுவது அடுத்த காலம். இந்த வரலாற்றில் பெரிய மாற்றம் எதுன்னு என்னைக் கேட்டா, சட்டங்களை விட இதைத்தான் சொல்வேன்.

இப்போ அந்தச் சொந்தக் காரணம்.

நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். பேச்சு கொஞ்சம்தான் வரும். ஆலைக் களத்தில் ஜவ்வரிசி காயப் போட்டிருக்கும், அதுக்குக் காக்கா விரட்டுவார். ஒரு நாள் கூட லேட்டா வந்ததில்லைம்பாங்க. எந்த மூட்டை எந்த லாரில போச்சுன்னு மாசக்கணக்கா ஞாபகம் வெச்சிருப்பார். பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்லை. ஏன்னு யாரும் கேட்டதும் இல்லை. காரணம்தான் எல்லாருக்கும் தெரியுமே!

இப்போ பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா முறை, அவங்க பையன். மூணு வயசுல சேலம் கூட்டிட்டுப் போய் ஆட்டிசம்னு தெரிஞ்சது. மச்சான் கிழங்கு லோடு ஓட்டுறவர். கடன் வாங்கியாவது இங்கிலீஷ் மீடியத்துல போடணும்னு ஒரு தனியார் பள்ளிக்குப் போனாங்க. "உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் செட் ஆகாதுங்க"ன்னு ரொம்ப மரியாதையா, ஆஃபீஸ் வாசல்லயே சொல்லி அனுப்பிட்டாங்க. எழுத்தில் எதுவும் கிடையாது. எழுத்தில் கொடுக்கவே மாட்டாங்க, அது தனிக் கலை.

ராத்திரி அக்கா போன்ல, "ஏன் தம்பி, இப்படிச் சொல்ல இவங்களுக்கு அதிகாரம் இருக்குதா? நீதான் எந்நேரமும் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கியே, கொஞ்சம் பாத்துச் சொல்லு சாமி"ன்னாங்க. அப்படித்தான் நான் சட்டம் படிக்க ஆரம்பிச்சது.

படிச்சதில் முதலில் கண்ணில் பட்டது பட்டியல்கள்தான். 1995 டிசம்பரில் நாடாளுமன்றம் ஊனமுற்றோர் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயசு வரைக்கும் இலவசக் கல்வின்னு அதில்தான் எழுதினாங்க. ஜாவேத் அபிதி மாதிரி ஆட்கள் சக்கர நாற்காலியோட டெல்லி வீதியில் இறங்கிப் போராடினதுக்கு அதில் பெரிய பங்கு. ஆனா யாருக்கு அந்த உரிமை? சட்டம் ஏழு வகை ஊனத்தைச் சொன்னது. பார்வையின்மை, குறைந்த பார்வை, தொழுநோயிலிருந்து குணமானவர், காது கேளாமை, கை கால் குறைபாடு, மனவளர்ச்சிக் குறைவு, மனநோய். ஆட்டிசம் அதில் இல்லை. எழுத்து தலைகீழாத் தெரியுதுன்னு சொல்லுவோமே, அந்தக் கற்றல் குறைபாடும் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடம் கிடைத்தது, ஆனா அது பெரும்பாலும் காப்பாளர் நியமனம், பராமரிப்பு பற்றிய சட்டம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னும் வேடிக்கை. 1981-ல் மூணே வகைகளை மட்டும் கேட்டு எண்ணினாங்க. 1991-ல் அந்தக் கேள்வியையே எடுத்துட்டாங்க. போராடித்தான் 2001-ல் திரும்பச் சேர்த்தாங்க. 2011-ல் நாடு முழுக்க 2.68 கோடி பேர், தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 11.8 லட்சம் பேர்னு வந்தது. அந்தத் தெரு அண்ணன் 1991 கணக்கில் ஒரு ஆளா இருந்திருப்பார். ஆனா அவருக்கு என்ன தேவைன்னு அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டம் வந்தப்போ எல்லாரும் கொண்டாடினாங்க. "வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்" என்ற விளக்கத்தில் இந்தப் பிள்ளைகள் விட்டுப் போயிருந்தார்கள். 2012-ல் திருத்தம் போட்டுச் சேர்த்தாங்க. அதனால தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடத்துக்கும் இவங்க விண்ணப்பிக்கலாம்னு ஆச்சு. அதே திருத்தம், கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே கல்வி என்ற வழியையும் திறந்தது. இதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனா சேர்க்க மனசில்லாத ஒரு பள்ளிக்கு அதுவே புது "நியாயமான காரணம்" ஆகிடாதா?

அப்புறம்தான் 2016 சட்டம். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகை இருபத்தொன்று ஆனது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு ரெண்டும் உள்ளே. 2007-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையிலிருந்து ஒரு சொல்லை அப்படியே இதில் கொண்டு வந்திருக்காங்க. "நியாயமான வசதி". அதாவது பிள்ளைக்குத் தகுந்த மாதிரி, பெரிய சுமையா ஆகாத அளவுக்கு, பள்ளிதான் தன்னை மாத்திக்கணும். 1960-ல் காரணத்துக்கு முன்னாடி நின்ன அதே "நியாயமான" இப்போ வசதிக்கு முன்னாடி வந்து நிக்குது. நடுவுல அம்பத்தாறு வருஷம்.

அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் 16-வது பிரிவில் இருந்தது. அரசு நிதி பெறுகிற அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு காட்டாமல் சேர்க்கணும். அங்கீகாரம்னா தனியாரும் அடக்கம். 40 சதவீதச் சான்றிதழ் இருந்தாதான் என்ற நிபந்தனை இந்தப் பிரிவில் கிடையாது. பக்கத்துப் பள்ளியிலோ, விரும்புகிற சிறப்புப் பள்ளியிலோ 18 வயசு வரை இலவசமாப் படிக்கிற உரிமை 31-வது பிரிவு, அதுக்குத்தான் 40 சதவீதம் வேணும். ரெண்டையும் குழப்பிப் பேசி ஆளை அனுப்புறது நிறைய நடக்குது. 17-வது பிரிவில் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ரெண்டாவது மூணாவது மொழிப் பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் வருது.

இதையெல்லாம் சொன்னதும் அக்கா, "இருக்கட்டும் தம்பி. வேணாம்னு சொன்னவங்ககிட்ட சண்டை போட்டுச் சேர்த்து, அப்புறம் புள்ளைய யாரு பாப்பா?"ன்னாங்க. சட்டம் படிச்ச எனக்கு வாயடைச்சுப் போச்சு. கடைசியில் நடந்து போகிற தூரத்தில் இருந்த அரசு ஆரம்பப் பள்ளியில் சேர்த்தாங்க. அந்த ஹெச்.எம். டீச்சர், "விடும்மா, பாத்துக்கலாம். ஆனா மூணு வகுப்பையும் நான் ஒருத்தியே வெச்சிருக்கேன், ஒத்தாசைக்கு ஆள் வேணும்னு நீயும் எழுதிக் குடு, நானும் எழுதறேன்"னாங்களாம்.

வந்தது ஒரு சிறப்பு ஆசிரியை. வாரத்துக்கு ஒரு நாள். அவங்க பெரிசா எதுவும் கொண்டு வரலை. ஃபேன் சத்தம் அதிகமா இருந்த இடத்திலிருந்து பையனைச் சுவரோரமா மாத்தி உட்கார வெச்சாங்க. பிரேயர், பாடம், சாப்பாடு, விளையாட்டு, வீடுன்னு அஞ்சு படம் வரைந்து ஒரு அட்டையில் வரிசையா ஒட்டினாங்க. ஒவ்வொண்ணு முடிஞ்சதும் அவனே படத்தைத் திருப்பி வைக்கணும். அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சா அவன் அழறதில்லை. இதே அட்டையை டீச்சர் அக்காவுக்கும் சொல்லிக் கொடுக்க, வீட்டுச் சுவத்துலயும் ஒண்ணு ஒட்டியாச்சு. ரெண்டாம் பருவம் முடியறதுக்குள்ள சத்துணவு வரிசையில் தட்டோட தானா நின்னான். மச்சான் எனக்கு அதை வீடியோ எடுத்து அனுப்பினார். அம்பது செகண்ட் வீடியோ, அதுல ஒண்ணுமே நடக்காது. ஒரு பையன் வரிசைல நிக்கறான், அவ்ளோதான். பத்து தடவையாவது பாத்திருப்பேன்.

அடுத்த வருஷம் அந்த டீச்சர் வரலை. வேற ஒருத்தர் வர நாளாச்சு. அவங்க வேலை நிரந்தரமில்லை, தொகுப்பூதியம்.

இங்கேதான் இந்த வரலாறு இன்னும் முடியாம நிக்குது. 2000-களின் ஆரம்பத்தில் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தபோது யாரையும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு கொள்கை, ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 1,200 ரூபாய் வரைக்கும் ஒதுக்கீடு. 2018-ல் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டமா மாறியபோது 3,500 ரூபாய். ஆனா சிறப்பு ஆசிரியர்கள் திட்டத்தோட ஆட்கள், பள்ளியோட ஆட்கள் இல்லை. பள்ளிக்கு ஹெச்.எம். பணியிடம் இருக்கு, இடைநிலை ஆசிரியர் பணியிடம் இருக்கு, சிறப்பு ஆசிரியருக்கு அப்படி ஒரு நாற்காலி இல்லை. ஒருத்தர் பல பள்ளிகளைச் சுத்தி வரணும். எங்க பக்கமெல்லாம் அடுத்த பஸ் எப்போன்னு டிரைவருக்கே தெரியாது.

இதுக்காக ரஜ்னீஷ் குமார் பாண்டே என்ற சிறப்பு ஆசிரியரும் மற்றவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2021 அக்டோபர் 28-ல் வந்த தீர்ப்பு: எத்தனை சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர்னு மத்திய அரசு ஒரு விகிதத்தை அறிவிக்கணும், அதுக்கு நிரந்தரப் பணியிடம் உருவாக்கணும். அது வரைக்கும் சுற்றி வருகிற ஆசிரியர்களை வெச்சு ஓட்டலாம். மத்திய அரசு 2022 செப்டம்பரில் அந்த விகிதத்தை அறிவிக்கையாக வெளியிட்டது: ஆரம்ப நிலையில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். மாநிலங்கள் அசையலை. 2025 மார்ச் 7-ல் நீதிமன்றம் மறுபடியும் எல்லா மாநிலங்களையும் பார்த்து, மூன்று வாரத்துக்குள் எத்தனை பணியிடம்னு அறிவித்து ஆள் எடுங்கன்னு சொன்னது. பல வருஷமாகத் தற்காலிகமாவே வேலை பார்க்கிறவங்களின் தகுதியைச் சரிபார்க்க மாநிலத்துக்கு ஒரு குழு போடணும்னும் சொன்னது.

"வாரம் ஒரு நாள் வந்ததுக்கே இவ்ளோ, தினமும் ஒருத்தர் இருந்தா?" இது அக்காவோட கணக்கு. என்கிட்ட பதில் இல்லை.

படிக்கிறவங்கள்ல யாருக்காவது, இல்லை உங்க சொந்தக்காரங்க யாருக்காவது, வாய்மொழியா "இடமில்லை"ன்னு சொல்லியிருந்தா ஒரே ஒரு உபயோகமான தகவல். 2016 சட்டத்துக்கான மத்திய விதிகள் 2017-ல் வந்தன. அதில் 7-வது விதிப்படி ஒவ்வொரு மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் இந்தப் பிள்ளைகளின் சேர்க்கையையும் பள்ளியில் வேண்டிய வசதிகளையும் கவனிக்க ஒரு பொறுப்பு அதிகாரி இருக்கணும். அவர் பேர் தெரியலைன்னாலும் பரவாயில்லை, "பொறுப்பு அதிகாரி, மாவட்டக் கல்வி அலுவலகம்"னு போட்டு, பிள்ளை பேர், வயசு, எந்தப் பள்ளி, எந்தத் தேதியில் என்ன சொன்னாங்க, என்ன உதவி வேணும், பிரிவு 16-ன்னு ஒரு பக்கத்தில் எழுதுங்க. ரெண்டு பிரதி. நேர்ல கொடுத்தா ஒண்ணுல சீல் வாங்கிக்குங்க, தபால்னா ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட். அக்கா எழுதின மனுவோட பிரதி என்கிட்ட இருக்கு, பேர் ஊர் எடுத்துட்டு அனுப்பி வைக்கிறேன், கேளுங்க.